மரத்துப்போகும் விரல்கள்

காலை ஏழு மணியளவில் வியாசர்பாடி எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் நிற்பவர் இருவகை மிதிவண்டிகளைக் காணலாம். ஒன்று, பின்னோக்கி வளைந்த கைப்பிடியும் அகன்ற இருக்கையும் கொண்ட பழைய வண்டி. பால்பைகளைச் சுமந்து வருபவர் அதில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருப்பார். மற்றொன்று, நேரான கைப்பிடியும் தடித்த டயரும் கொண்ட மலைப்பாதை மிதிவண்டி. புத்தகப்பையை முதுகில் மாட்டிய மாணவர் அதன்மேல் முன்னோக்கிச் சாய்ந்திருப்பார். பள்ளி வாயிலில் இறங்கியதும் அவர் கைகளை உதறிக்கொள்வதுண்டு. சுண்டுவிரலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. எழுதத் தொடங்கினால் சிறிது நேரம் பேனா பிடிக்குள் நிற்பதில்லை. தம் கை வலுவற்றது என அவர் எண்ணிக்கொள்கிறார். குறை கையில் இல்லை. உடலின் எடை எங்கே விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

உள்ளங்கையில் ஒரு குறுகிய வழி

தோளிலிருந்து இறங்கும் அல்நர் நரம்பு, முழங்கையின் உட்புறம் வழியாக மணிக்கட்டை அடைகிறது. முழங்கை சுவரில் இடித்தால் மின்சாரம் பாய்ந்தது போல விரல்வரை சுரீரென்று ஓடுவதை அனைவரும் அறிவர். அந்த நரம்பே இது. உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக, பட்டாணி எலும்புக்கும் கொக்கி எலும்புக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் இது நுழைகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெலிக்ஸ் கியோன் 1861-இல் விவரித்ததால், அது கியோன் வழி எனப்படுகிறது. கைப்பிடியில் ஊன்றும்போது பெருமளவு எடை இவ்விடத்தில்தான் அழுந்துகிறது. மிதிவண்டியால் இந்நரம்பு செயலிழந்த நிகழ்வை டெஸ்டோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1896-இலேயே பதிவுசெய்துள்ளார்.

அவ்வழிக்குள் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. மற்றொன்று விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளை இயக்குகிறது. இயக்கும் கிளை மட்டும் அழுந்தினால் விரல் மரத்துப்போவதே இல்லை, வலியும் தோன்றாது, பிடிமானம் மட்டும் மெல்லக் குறையும். சட்டைப் பொத்தான் போடுவது கடினமாகும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்த தாளைப் பிறர் இழுத்தால், நழுவாமல் காக்கப் பெருவிரலின் நுனி தானாக மடங்கும். எனவே மரத்துப்போகவில்லை என்பதால் மட்டும் நரம்பு நலமாக உள்ளது எனக் கொள்வதற்கில்லை.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் அழுந்துவது வேறொரு நரம்பு. மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு, மணிக்கட்டைப் பின்புறமாக வளைத்து ஊன்றுவோரைத் துன்புறுத்துகிறது. எந்த விரல் மரக்கிறது என்பதைக் கொண்டே தவறு எங்குள்ளது என்று ஓரளவு அறியலாம்.

மலையிலிருந்து இறங்கிய வண்டி

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பையஸ் மலைப்பகுதியில், 1970-களில் இளைஞர் சிலர் பழைய மிதிவண்டிகளில் மண்பாதை வழியே கீழ்நோக்கிப் பாய்ந்தனர். 1976-இல் தொடங்கிய அப்போட்டிக்கு ரீபேக் என்று பெயர். இறக்கத்தில் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் எரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்ப வேண்டும் என்பதால் வந்த பெயர் அது. இவ்வகை முயற்சிகளிலிருந்தே இன்றைய மலைப்பாதை மிதிவண்டி உருவாயிற்று. கரடுமுரடான இறக்கத்தில் வண்டியைத் திசைதிருப்ப அகன்ற நேரான கைப்பிடி உதவுகிறது. அங்கே ஓட்டுபவர் பெரும்பாலும் பெடலின் மேல் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி அதிர்வை உள்வாங்குகிறார்.

வியாசர்பாடியில் மலை இல்லை. கண்டெய்னர் லாரிகள் உழுத சாலையும் தோண்டி மூடிய பள்ளங்களும் மலைப்பாதைக்கு ஈடான அதிர்வைத் தருகின்றன. ஆயினும் இங்கே ஓட்டுபவர் எழுந்து நிற்பதில்லை. இருக்கையில் அமர்ந்தபடி கைகளை விறைப்பாக ஊன்றுகிறார். வண்டியின் தோற்றத்தை வாங்கிக்கொண்டோம். அதை ஓட்டும் முறையை வாங்கவில்லை. 1949-இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் மிதிவண்டி உருவாக்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களின் பழைய வண்டிகள் பாரமானவை, வேகம் குறைந்தவை. எனினும் அவ்வடிவம் எடையை இருக்கையில் இறக்கிக் கைகளுக்கு ஓய்வளித்தது.

எடையை இடம்மாற்றல்

முதலில் கவனிக்க வேண்டியது இருக்கை. அதன் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் வழுக்கி முன்னே வரும். தடுத்து நிறுத்தும் வேலை கைகளின் தலையில் விழும். இருக்கையைக் கிடைமட்டமாக வைப்பதற்கு ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். கைப்பிடி மிகத் தாழ்ந்தோ எட்டாத தொலைவிலோ இருந்தால் உயர்த்தியோ அருகில் கொணர்ந்தோ அமைக்க வேண்டும். முழங்கை சற்று மடங்கியும், முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேர்க்கோட்டிலும் இருப்பதே அளவு. பிரேக் நெம்புகோலையும் அக்கோட்டிற்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது புத்தகப்பை. முதுகில் தொங்கும் ஐந்தாறு கிலோ எடையில் ஒரு பகுதி, முன்னோக்கிச் சாய்ந்தவரின் உள்ளங்கைக்கே சென்று சேர்கிறது. அதைப் பின்புறக் கேரியரில் கட்டினால் கை உடனே இலேசாகும். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் கேரியர் உண்டு. பலர் அதில் நண்பரை ஏற்றிக்கொண்டு பையைத் தாமே சுமக்கின்றனர்!

டயரில் கல்லைப் போல் காற்றடைப்பதும் தவறு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அழுத்த எல்லைக்குள் சற்றுக் குறைவாக வைத்தால், அதிர்வின் ஒரு பகுதியை டயரே வாங்கிக்கொள்ளும். மிகவும் குறைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிப் பஞ்சராகும். மெத்தை வைத்த கையுறை பயன்தரும். ஆனால் அம்மெத்தை நரம்பின் மேலேயே அழுந்துமாறு அமைந்தால் தீமையே மிகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுவது நன்று. நெரிசல் மிகுந்த சாலையில் விரல் பிரேக்கை விட்டு விலகலாகாது.

மருத்துவரை நாடும் வேளை

ஓட்டி முடித்துச் சிறிது நேரத்தில் நீங்கும் மரப்பு அச்சத்திற்குரியதன்று. மறுநாளும் நீடித்தாலோ, பிடிமானம் குறைந்தாலோ, வண்டி ஓட்டாதபோதும் தோன்றினாலோ மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவும் தொழுநோயும்கூட விரல்களின் உணர்ச்சியைக் குறைக்கும். பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவருக்கு அதிர்வே தனித்த காரணமாகலாம். காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கியோரின் விரல்கள் வெளுத்து உணர்விழந்ததை அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இல் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். பகலெல்லாம் கருவி பிடித்த கையே மாலையில் கைப்பிடியையும் பிடிக்கிறது என்பதைத் தொழிலாளர் மருத்துவரிடம் தவறாது சொல்ல வேண்டும்.

இதற்கென நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வியாசர்பாடிக்கு அருகிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், மருத்துவர் இரா. வெங்கடசாமி 1970-களின் தொடக்கத்தில் கை அறுவை மருத்துவத்திற்குத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 2018-இல் இருகை மாற்று அறுவை மருத்துவம் நிகழ்ந்ததும் அம்மருத்துவமனையில்தான். மிதிவண்டியால் வரும் மரப்புக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படுவதில்லை. நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளந்து, அழுந்தும் இடத்தை மருத்துவர் கண்டறிவார். சில வாரங்கள் வண்டியை நிறுத்திவைக்கச் சொல்வார். மீண்டும் ஏறும் நாளில் இருக்கையின் சாய்வைச் சரிசெய்யாமல் ஏறினால், அதே விரல் மறுபடியும் மரக்கும்.