ஆட்சி மாறினால் ஓய்வூதியம் யார் பொறுப்பு?

1947 ஆகஸ்டில் இந்திய ஆட்சி கைமாறியபோது ஐ.சி.எஸ். (இந்தியக் குடிமைப் பணி) அதிகாரிகளை ஒரு கேள்வி உறுத்தியது: இனி நம் ஓய்வூதியத்தை யார் கொடுப்பார்கள்? அதற்கென்று தனி நிதி சேர்த்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தந்த ஆண்டு அரசு வருவாயிலிருந்தே அது வழங்கப்பட்டுவந்தது. புதிய அரசு கைவிரித்தால் முதியவர் என்ன செய்வார்? பணியில் இருப்பவராவது வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லலாம். ஓய்வுபெற்றவருக்கு அந்தப் பலமும் இல்லை.

இங்கிலாந்து திரும்பியவர்களின் சிக்கல் பணத்தால் தீர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்குகளுக்காகவும் செலவுகளுக்காகவும் பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டிய கடன் 100 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. 1948 ஒப்பந்தத்தில் அந்தக் கடனிலிருந்து சுமார் 16.8 கோடி பவுண்டை ஓய்வூதியத்துக்காக இந்தியா கழித்துக்கொண்டது. பதிலுக்கு, ஆண்டுக்காண்டு குறைந்துவரும் தவணைகளாக பிரிட்டன் அந்தச் செலவுக்குப் பணம் தர வேண்டும். 1955-ல் அந்த ஓய்வூதியங்களை வழங்கும் பொறுப்பையே பிரிட்டன் ஏற்றது. ஆனால் கடனிலிருந்து கழிக்கப்பட்ட அந்தப் பணம் பஞ்சத்திலும் போரிலும் வாடிய இந்தியர்களின் உழைப்பில் சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்தியாவிலேயே பணியில் தொடர்ந்தவர்களுக்குக் கிடைத்தது எழுத்து உறுதி. இந்திய சுதந்திரச் சட்டத்தின் 10-வது பிரிவு, அவர்களின் ஊதியமும் ஓய்வூதியமும் பழையபடி தொடரும் என்றது. அதையே அரசியலமைப்பில் சேர்க்க முனைந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. நேற்றுவரை காங்கிரஸ்காரர்களைச் சிறையில் தள்ளியவர்களுக்கா சலுகை என்ற கோபம் நியாயமானதே. 1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில் சர்தார் படேல் அந்தக் கோபத்தை நேருக்கு நேர் சந்தித்தார்: கொடுத்த வாக்கை மீறினால் நாட்டை நடத்தும் நிர்வாகமே குலையும் என்று வாதிட்டார். அந்த உறுதியைத் தாங்கி அரசியலமைப்பின் 314-வது பிரிவு பிறந்தது.

அது 1972 வரைதான் நீடித்தது. முந்தைய ஆண்டில் முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கான மானியத்தை ஒழித்த நாடாளுமன்றம், 28-வது திருத்தத்தால் 314-வது பிரிவையும் நீக்கியது. சலுகைகளைக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் பணிக்காலம் முழுதும் ஓர் உறுதியை நம்பி உழைத்தவரிடம் இறுதியில் விதியை மாற்றுவது நேர்மையல்ல.

1997-ல் பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் ஆட்சி கைமாறிய ஹாங்காங்கில் இதே கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடப்பட்டது. 1984-ல் பிரிட்டனும் சீனாவும் வெளியிட்ட கூட்டுப் பிரகடனம், 1997 ஜூலை 1-க்கு முன்பு ஓய்வுபெற்றவர்களுக்கும், எந்த நாட்டவராயினும் எங்கு வசித்தாலும், முன்பைவிடக் குறையாமல் ஓய்வூதியம் தரப்படும் என்றது. ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் 102-வது பிரிவும் அதை உறுதிசெய்தது. எழுத்தோடு நிற்காமல், 1995 ஜனவரியில் 700 கோடி ஹாங்காங் டாலருடன் அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கென ஒரு கையிருப்பு நிதியும் தொடங்கப்பட்டது.