சப்பாணி கொட்டும் வயதில்

17-ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கர் ஆண்ட மதுரையில், குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். மதுரைக்கே அரசியான தெய்வத்தை மடியில் தவழும் பிள்ளையாக்கிப் பாடிய நூல் அது. பக்திக்காகவும் சந்தத்துக்காகவும் அதைப் படிக்கிறோம். பிள்ளை வளர்ப்புக்காக யாரும் அதைப் புரட்டுவதில்லை. ஆனால் பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து அசைந்தாட வேண்டும். தாலப் பருவத்தில் தாலாட்டு. சப்பாணியில் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்ட வேண்டும். பிறகு முத்தம் தர வேண்டும், தளர்நடை நடந்து வர வேண்டும். அம்புலிப் பருவத்தில் நிலாவையே அந்தப் பிள்ளையோடு விளையாடக் கூப்பிடுகிறார்கள். பாட்டியல் நூல்கள் சொல்லும் மாதக் கணக்கில் செங்கீரைக்கு ஐந்தாம் மாதமும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதமும் வருகின்றன. குழந்தை கை தட்டத் தொடங்குவது ஒன்பதாம் மாதத்தை ஒட்டித்தான் என்று இன்றைய மருத்துவர்களும் சொல்கிறார்கள். மதுரைக்குத் தென்மேற்கே திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், குமரகுருபரருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்ணனுக்குத் தாலாட்டும் செங்கீரையும் சப்பாணியும் பாடிவிட்டார். இந்தப் பாட்டுகள் எல்லாவற்றிலும் பாடுகிறவர் பெரியவர், ஆனால் குழந்தைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது அசைய வேண்டும், கொட்ட வேண்டும், வர வேண்டும். அதுவரை பாட்டு அதைக் கெஞ்சிக்கொண்டே நிற்கும். கைக்குழந்தைக்கு இசை என்றால் இப்படிச் சேர்ந்து செய்யும் காரியமாகத்தான் இருக்க வேண்டும், போட்டுக் கேட்கவிடும் பொருளாக இருந்தால் போதாது. இதை மரபின் மேலுள்ள பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. கடந்த இருபது, முப்பது ஆண்டு ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

தூளியிலிருந்தே தொடங்கலாம். விட்டத்திலோ கொக்கியிலோ அம்மாவின் பழைய பருத்திச் சேலையை மடித்துக் கட்டித் தொங்கவிட்டால் தூளி. இயற்பியல் கணக்கில் அது ஒரு ஊசல். தொங்கும் நீளம் இரண்டு மீட்டர் என்றால், ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 2.8 வினாடி ஆகும். கொஞ்சம் ஓங்கித் தள்ளினாலும் மெல்லத் தள்ளினாலும் அந்த நேரம் பெரிதாக மாறாது. பாடுகிறவள்தான் தன் பாட்டின் நடையை அதற்கு ஒப்புக்கொடுக்கிறாள். அடியின் கடைசியில் வரும் நீண்ட இழுவை, தூளி திரும்பும் இடத்தில் வந்து உட்காருகிறது. உள்ளே படுத்திருக்கும் குழந்தை தாளத்தைக் காதால் கேட்பதற்கு முன்பே உடம்பால் வாங்கிக்கொள்கிறது. முளைப்பாரி நாட்களில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மி கொட்டும்போதும் இதுவே நடக்கிறது. இடுப்பில் பிள்ளையோடு ஓரத்தில் நிற்பவள்கூடக் காலை மாற்றி மாற்றி வைத்து அசைந்துகொண்டுதான் இருப்பாள்.

உடம்பு வழியாகத் தாளம் ஏறுகிறது என்பதைக் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் சோதித்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான ஆய்வு அது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு எந்த அடியிலும் அழுத்தம் இல்லாத ஒரு தட்டொலியைப் போட்டார்கள். அந்த நேரத்தில் சில குழந்தைகளை இரண்டடிக்கு ஒரு முறையும், மற்றக் குழந்தைகளை மூன்றடிக்கு ஒரு முறையும் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். பிறகு அதே தட்டொலியை அழுத்தம் சேர்த்து இரண்டு விதமாகப் போட்டபோது, ஒவ்வொரு குழந்தையும் தான் எந்தக் கணக்கில் ஆட்டப்பட்டதோ அந்தக் கணக்கில் இருந்ததையே அதிக நேரம் கேட்டது. கண்ணைக் கட்டிவிட்டு ஆட்டினாலும் அதே முடிவுதான். ஆனால் வேறொருவர் ஆடுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அப்படி எதுவும் பதியவில்லை. என் வாதத்துக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். ஆடுவதைப் பார்ப்பதும் கூட ஆடுவதும் குழந்தைக்கு வேறு வேறு.

இதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. எரின் ஹானனும் சாண்ட்ரா டிரெஹப்பும், அதே 2005-இல், பால்கன் நாடுகளின் கோணலான தாளங்களை வட அமெரிக்கக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். நமக்குப் பழகிய பேச்சில் சொன்னால் ஐந்தும் ஏழுமாகப் பிரியும் நடைகள். வட அமெரிக்கப் பெரியவர்களால் அந்தத் தாளத்தில் நேரும் பிசகைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதம் ஆனபோது குழந்தைகளும் பெரியவர்களைப் போல ஆகிவிட்டிருந்தன. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைக் கேட்டதும் அவற்றுக்கு அந்தத் திறன் திரும்பியது. பெரியவர்களுக்கு அப்படித் திரும்பவில்லை. கண்ட நடையும் மிஸ்ர நடையும் உறுமியிலும் தவிலிலும் சர்வசாதாரணமாகப் புழங்கும் ஊர் நம்முடையது. அந்தக் காது முதல் வயதிலேயே திறந்திருக்கிறது. “அஞ்சு வயசு ஆகட்டும், பாட்டு கிளாஸில் சேர்த்துவிடலாம்” என்று காத்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வகுப்பு பிறகு வரட்டும். அதற்கு முந்திய ஐந்து வருடமும் வீட்டின் கையில்தான் இருக்கிறது.

‘போனில் இதைவிட நல்ல பாட்டு இருக்கிறதே, நல்ல குரலில், வண்ணப் படத்தோடு’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. திருநகரிலோ அண்ணா நகரிலோ இரண்டறை வீட்டில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய் வந்து, மாமியார் உசிலம்பட்டியிலும் அம்மா மேலூரிலுமாக இருக்கும் குடும்பத்தில், சோறு ஊட்டும் அந்த அரை மணி நேரத்துக்குப் போன் கைகொடுக்கிறது. அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஆனாலும் சான்று தெளிவாக இருக்கிறது. சியாட்டிலில் பாட்ரிசியா கூலும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசிய ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதைத் திரையில் பார்த்தவையும் ஒலியாக மட்டும் கேட்டவையும் கற்கவில்லை. இசையிலும் இப்படித்தான். டிரெய்னர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரோடு சேர்ந்து பாடி, தட்டி, ஆடிய ஆறு மாதக் குழந்தைகளையும், பின்னணியில் இசை ஒலிக்கப் பொம்மைகளோடு விளையாடிய குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். சில மாதங்களுக்குப் பிறகு முதல் கூட்டத்துக் குழந்தைகள் கை காட்டுவது, டாட்டா சொல்வது போன்ற சைகைகளில் முந்தியிருந்தன. தேற்றுவதற்கும் அவை எளிதாக இருந்தன. திரையில் பாடுபவர் குழந்தை கை தட்டும்வரை காத்திருக்க மாட்டார், அது கொட்டாவி விட்டால் குரலைத் தணிக்க மாட்டார். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. ஒரு வயதுக்குள் கூடவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

அடுத்த தயக்கம் குரல். ‘எனக்குப் பாட வராது’ என்று வெட்கப்படுகிறவர்கள் ஏராளம். உண்மையிலேயே சுருதி பிடிபடாத பிறவிக் குறை உள்ளவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு இருப்பது பழக்கமின்மையும் கூச்சமும்தான். குழந்தை கேட்பது சங்கதிகளை அல்ல. டிரெஹப்பும் டோனியா பெர்கசனும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண அம்மாக்கள் தம் குழந்தைக்கு ஒரே பாட்டை ஒரு வாரம் விட்டு மறுபடி பாடியபோது, ஏறக்குறைய அதே சுருதியிலும் அதே காலப்பிரமாணத்திலும் பாடினார்கள். அவர்கள் யாரும் பயிற்சி பெற்ற பாடகிகள் இல்லை. குழந்தைக்கு வேண்டியது இந்த மாறாத்தன்மை: அதே குரல், அதே பாட்டு, குளிப்பாட்டி முடித்ததும் அதே நேரம். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், அறிமுகமே இல்லாத துருக்கிய மொழிப் பாட்டைக் கேட்ட குழந்தைகள் சராசரியாக ஒன்பது நிமிடம் சிணுங்காமல் இருந்தன. கொஞ்சிப் பேசும் பேச்சுக்கு அதில் பாதி நேரம்தான் தாங்கின. பதிவு செய்த முன்பின் தெரியாத குரலுக்கே இந்தப் பலன்.

இன்னொரு பக்கம், பாட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்று விற்பவர்களிடமும் கவனமாக இருக்க வேண்டும். 1993-இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஒரு சிறிய சோதனையில், மொஸார்ட்டின் இசையைக் கேட்டதும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு வகைப் புதிரில் மதிப்பெண் கூடியது. அதைப் பச்சைக் குழந்தைகளுக்குப் பொருத்தி, 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். குழந்தைகளை வைத்து அந்தச் சோதனையை யாரும் செய்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதைவிட நம்பத்தக்கது. இரண்டு, மூன்று வயதில் வீட்டில் பெற்றோரோடு சேர்ந்து இசையில் ஈடுபட்ட பிள்ளைகள், சில ஆண்டுகள் கழித்துச் சொல்வளத்திலும், எண்ணறிவிலும், பிறரோடு இணங்கிப் பழகுவதிலும் ஓரளவு மேலாக இருந்தார்கள். இருந்தாலும் பாடும் வீடுகள் வேறு விதங்களிலும் பிள்ளைக்கு நேரம் தரும் வீடுகளாக இருக்கலாம்; எல்லாப் பெருமையையும் பாட்டுக்கே கொடுத்துவிட முடியாது. என்னை இவற்றையெல்லாம்விட அதிகம் ஈர்ப்பது 2014-இல் லாரா சிரெல்லி வெளியிட்ட சோதனை. பதினான்கு மாதக் குழந்தையை இசைக்கு ஆட்டும்போது எதிரில் ஒருவர் அதே தாளத்தில் ஆடினால், பிறகு அவர் கைதவறிக் கீழே போட்ட பொருளைக் குழந்தை எடுத்துக் கொடுப்பது கூடுகிறது. தாளம் தப்பி ஆடியவருக்கு அவ்வளவாக உதவவில்லை. ஒரு குடும்பம் ஒன்றாகப் பாடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

குடும்பம் என்று சொல்லும்போது ஆண்கள் எங்கே என்ற கேள்வி எழ வேண்டும். தாலாட்டு பெண்களின் வேலை என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். ஆனால் தமிழின் மிகச் சிறந்த தாலாட்டும் சப்பாணியும் எழுதியவர்கள் பெரியாழ்வாரும் குமரகுருபரரும், இருவரும் ஆண்கள், தாயின் குரலில் பாடியவர்கள். ஏட்டில் ஆயிரம் ஆண்டாக ஆண் தாலாட்டியிருக்கிறான். வீட்டுத் தூளிக் கயிற்றை அவன் பிடிக்க என்ன தடை? ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறைப் பருவம் என்றே ஒன்று உண்டு, பிள்ளை சின்னப் பறையை முழக்கும் பருவம். பறைச் சத்தம் கேட்டதும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. தெய்வப் பிள்ளையின் கையில் புலவர்கள் கொடுத்த கருவியைச் சாதியின் பேரால் நம் பிள்ளைக்கு மறுப்பது வெட்கக்கேடு.

மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அப்படிப்பட்ட வீடு எல்லோருக்கும் வாய்க்காது, வாய்க்க வேண்டியதும் இல்லை. கொட்டாங்குச்சி இரண்டு, எவர்சில்வர் டம்ளர், கரண்டி, பனையோலைக் கிலுகிலுப்பை போதும். உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டும் சாய்ந்தாடும் பாட்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. திருவிழாவில் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் கைக்குழந்தையோடு நிற்காதீர்கள். அந்தச் சத்தம் அதன் காதுக்கு ஆகாது.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் குழந்தை அங்கு போய் உட்காரும் வயதுக்கு முன் அதற்கு வீட்டுப் பாட்டு மட்டும்தான். அந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நா. வானமாமலை போன்றவர்கள் தொகுத்து அச்சேற்றினார்கள். விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன் தம்பதியர் மதுரையிலிருந்துகொண்டு நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேர்த்து மேடையேற்றினார்கள். ஆனாலும் தாலாட்டு வீட்டுக்கு வீடு மாறும். அதில் உங்கள் ஊர்த் தெய்வம் வரும், குழந்தையின் தாய்மாமன் பெயரும் அவன் கொண்டுவரும் சீரும் வரும். அதை எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது. உங்கள் வீட்டில் தாலாட்டுத் தெரிந்த அம்மாச்சியோ அப்பத்தாவோ இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரைப் பாடச் சொல்லிப் போனில் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவைக் குழந்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். அப்பாவும் அம்மாவும் கேட்டு, பாடம் பண்ணி, உங்கள் பிள்ளையின் பெயரை அதில் சேர்த்து, உங்கள் குரலில் பாடுங்கள்.