ஒரே லயத்தில் பிறந்த இருவர்: சிவப்பு அடையாள அட்டையும் நம் குடியுரிமைச் சட்டமும்

2022ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் நாட்டின் 15ஆவது பொதுத் தேர்தல் நடைபெற்றது. 18 வயது நிரம்பிய குடிமக்கள் வாக்களிக்கலாம், அவர்கள் தனியாகப் பதிந்துகொள்ளவும் வேண்டியதில்லை என்ற சட்டத்திருத்தம் நடப்புக்கு வந்த பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. எந்தப் பாரத்தையும் நிரப்பாமலேயே என் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருந்தது. அன்று காலை அம்மா, அப்பா, நான், பாட்டியின் தம்பியான சின்னத் தாத்தா என எல்லாரும் காரில் ஏறினோம். பாட்டி மட்டும் வாசலில் நின்றார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் சோறு ஆக்கி வைக்கிறேன்" என்றார்.

பாட்டி 1951ஆம் ஆண்டு பேராவில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சின்னத் தாத்தா 1958ஆம் ஆண்டு அதே தோட்டத்தில், அதே லயத்தில், அதே வீட்டில் பிறந்தவர். தாத்தாவின் கையில் இருப்பது நீல ஐசி. பாட்டியின் கையில் இருப்பது சிவப்பு ஐசி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு நிறம் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நம் நாட்டின் குடியுரிமைச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டையின் நிறம்

நம் நாட்டில் குடிமக்களுக்கு நீல நிற மைகாட், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு நிற மைபிஆர், தற்காலிகவாசிகளுக்குப் பச்சை நிற மைகாஸ் அட்டை வழங்கப்படுகின்றன. இவற்றை வழங்குவது உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் தேசியப் பதிவிலாகா. கடப்பிதழ், விசா, நீண்டகாலச் சமூக வருகை அனுமதி ஆகியவற்றைக் கவனிப்பது அதே அமைச்சின் கீழ் உள்ள குடிநுழைவுத் துறை. நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொள்கிறோம்.

சிவப்பு அட்டைக்காரர் இங்கே வாழலாம், உழைக்கலாம். ஆனால் அவருக்கு வாக்குரிமை இல்லை, மலேசியக் கடப்பிதழும் இல்லை. எந்த அட்டையும் இல்லாதவரின் நிலை இன்னும் கொடியது. வங்கிக் கணக்கு, வாகன உரிமம், பிடிபிடிஎன் கடனுதவி என எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அடையாள அட்டைதான்.

1957க்கு முன்னும் பின்னும்

1948ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு உருவானது. அதன் ஒப்பந்தத்தின்படி, வேறு வகையில் தகுதி பெறாத ஒருவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வேண்டுமானால், இங்கே பிறந்தவர் கடந்த 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளும், வெளியிலிருந்து வந்தவர் கடந்த 25 ஆண்டுகளில் 15 ஆண்டுகளும் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பால் மரம் சீவி, தமிழைத் தவிர வேறு மொழி அறியாமல் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு இது எட்டாக்கனியாகவே இருந்தது.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அன்று தொடங்கி 1962ஆம் ஆண்டு செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தைகள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமக்கள் ஆயினர். இந்தக் காலத்தில் பிறந்ததால் சின்னத் தாத்தா எந்த விண்ணப்பமும் இன்றிக் குடிமகன் ஆனார். ஆறு ஆண்டுகள் முன்னதாகப் பிறந்துவிட்ட பாட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் 18 வயதுக்குப் பின் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற முடியும்.

விடுதலைக்குப் பிந்திய முதல் ஓராண்டில், இங்குப் பிறந்தவர்களுக்கு மொழித் தகுதி விலக்கப்பட்டிருந்தது. பலர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டனர். பாட்டியின் அப்பா போகவில்லை. நகரத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், எழுதத் தெரியாது, கிராணியிடம் கேட்கவும் கூச்சம். "நாலு காசு சேர்ந்தா ஊருக்குத்தானே திரும்பப் போறோம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. அந்தத் தோட்டத்து மண்ணிலேயே அடங்கிப்போனார்.

பாட்டிக்கு 18 வயது நிறைந்தது 1969ஆம் ஆண்டில். அந்த ஆண்டு மே 13 கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பெர்மிட்டோடு வேலையைக் காப்பாற்றிக்கொள்வதே அப்போது பெரிய போராட்டமாக இருந்ததாகப் பாட்டி கூறுவார்.

சட்டம் தருவதும் அமைச்சு தருவதும்

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதி குடியுரிமையைப் பற்றியது. அதைப் படிக்கும்போது நாம் மனத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சிலருக்குக் குடியுரிமையைச் சட்டமே தருகிறது. மற்றவர்கள் விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

14ஆவது விதி முதல் வகையைச் சேர்ந்தது. 1963ஆம் ஆண்டு மலேசியா அமைந்தபின் இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அக்குழந்தை குடிமகன் என்று வகுக்கப்பட்டது. இங்கே பிறந்து வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத குழந்தைக்கும் இதில் இடமுண்டு. இவர்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தங்கள் தகுதியை ஆவணத்தால் மெய்ப்பித்தால் போதும். மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாம்.

விண்ணப்பிப்போருக்கான விதிகள் பல. 15ஆவது விதி குடிமகனை மணந்த வெளிநாட்டு மனைவிக்கும், பெற்றோரில் ஒருவர் குடிமகனாக உள்ள பிள்ளைக்கும் உரியது. வெளிநாட்டுக் கணவருக்கு இவ்விதியில் இடமில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 15ஏ விதியின்கீழ், சிறப்புச் சூழ்நிலைகளில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிவு செய்யலாம். 16ஆவது விதி என் பாட்டி போன்றவர்களுக்கானது. விடுதலைக்கு முன் இங்கே பிறந்தவர், கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, நன்னடத்தையோடு எளிய மலாயும் அறிந்திருந்தால், பதிவுபெற அவருக்கு உரிமை உண்டு. 19ஆவது விதி மற்றவர்களுக்கு உரியது. கடந்த 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் வாழ்ந்திருப்பதோடு போதுமான மலாய் அறிவும் வேண்டும். எல்லாம் இருந்தாலும் குடியுரிமை தருவதும் தராததும் அரசாங்கத்தின் விருப்பம்.

விண்ணப்பத்தைப் பதிவிலாகா பெற்றுக்கொள்ளும். முடிவு உள்துறை அமைச்சிலிருந்து வரும். மூன்றாம் பகுதியின்கீழ் அரசாங்கம் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யவோ மறுஆய்வு செய்யவோ முடியாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. அப்படியானால் எந்த விதியின்கீழ் விண்ணப்பிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

பாட்டியின் சிக்கல் இங்கேதான். அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இங்குப் பிறந்ததை மெய்ப்பிக்க முடிந்தால் 16ஆவது விதி. முடியாவிட்டால் 19ஆவது விதி. பிறந்த மண்ணிலேயே, நேற்று வந்தவரைப் போல அவர் வரிசையில் நிற்க வேண்டும். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், விடுதலைக்கு முன் இங்குப் பிறந்து சிவப்பு அட்டை வைத்திருக்கும் 60 வயதைத் தாண்டிய இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த பாட்டி, "நமக்குத்தான் சூராட் இல்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தாலி கட்டினால் போதுமா?

இது பாட்டி காலத்துக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் தலைமுறையிலும் இந்தச் சிக்கல் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் பதிவு செய்யப்படாத திருமணம்.

முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தையும் மணவிலக்கையும் நெறிப்படுத்தும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்படி திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோவிலில் ஐயர் மந்திரம் ஓத, ஆயிரம் பேர் அட்சதை தூவியிருந்தாலும் பதிவு இல்லையேல் சட்டத்தின் பார்வையில் அது திருமணமாக ஏற்கப்படாமல் போகக்கூடும்.

அதனால் பிள்ளைக்கு என்ன நேர்கிறது? திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையின் குடியுரிமையைத் தாயைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று இரண்டாம் அட்டவணை கூறுகிறது. தந்தை நீல அட்டைக்காரர், தாய் வெளிநாட்டவர், திருமணம் பதியப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் குழந்தை இந்நாட்டு மருத்துவமனையில் பிறந்தாலும் அதன் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கா நெகாரா', அதாவது குடிமகன் அல்ல, என்று இடம்பெறக்கூடும். பின்னர்ப் பதிந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணக் கூடாது. சட்டம் பார்ப்பது குழந்தை பிறந்த நேரத்தில் இருந்த நிலையை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை அல்லவா?

2024 திருத்தம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மக்களவையும், டிசம்பரில் மேலவையும் குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றின. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தந்தையைப் போலவே மலேசியத் தாயும் தம் குடியுரிமையை வழங்க இத்திருத்தம் வழிசெய்தது. பல ஆண்டுகள் போராடிய தாய்மார்களுக்குக் கிடைத்த வெற்றி இது. வெளிநாட்டில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவியர் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு. பெற்றோரில் ஒருவர் 'நிரந்தரவாசி'யாக இருந்தாலே இங்குப் பிறக்கும் பிள்ளை குடிமகன் என்ற பழைய ஏற்பாடு நீக்கப்பட்டது. திருத்தம் நடப்புக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைகளுக்கே இது பொருந்தும். சிறார் விண்ணப்பங்களுக்கான வயது வரம்பும் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. கைவிடப்பட்ட குழந்தைகள், நாடற்ற குழந்தைகள் ஆகியோரைப் பாதிக்கக்கூடிய இரண்டு பரிந்துரைகளை அரசாங்கம் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதமே கைவிட்டது.

'நிரந்தரவாசி' என்ற அந்த ஒரு சொல்லை நான் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. என் தாத்தா, பாட்டி இருவருமே சிவப்பு அட்டைக்காரர்கள். 1976ஆம் ஆண்டு என் அம்மா பிறந்தபோது அவரைக் குடிமகள் ஆக்கியது அந்தச் சொல்தான். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போய், இன்று பல்கலைக்கழகத்தில் அமர்ந்து நான் இதை எழுதுகிறேன் என்றால் அதற்குப் பாட்டியின் சிவப்பு அட்டையும் ஒரு காரணம். தனக்குக் கிடைக்காத ஒன்றை அவர் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். இனி வரும் சிவப்பு அட்டைப் பெற்றோருக்கு அந்த வழி இல்லை. ஆகவே, அவர்கள் பிள்ளை பெறும் முன்பே தங்கள் நிலையைச் சரிசெய்துகொள்ள வேண்டிய தேவை முன்னைவிட அதிகமாகியுள்ளது.

நாம் செய்யக்கூடியவை

குடியுரிமை இழந்தோரைப் பற்றிப் பேசும்போது நாம் அரசாங்கத்தைக் குறை கூறுவோம். அல்லது நம் சமுதாயத்தின் அறியாமையைக் குறை கூறுவோம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால், பல வீடுகளில் உடனடித் தேவை ஒரு பாரத்தைப் படித்து நிரப்பித் தரும் ஓர் ஆள். அந்தப் பாரங்கள் மலாய்மொழியில் உள்ளன. தமிழும் மலாயும் ஒருசேர அறிந்த பல்கலைக்கழக மாணவர்களைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்?

குழந்தை பிறந்தால் 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். திருமணத்தைக் கோவில் சடங்குக்கு முன்பே பதிந்துவிட வேண்டும். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். முதியோரின் பழைய அட்டை, தடுப்பூசிச் சீட்டு, பள்ளிச் சான்று, தோட்டத்துச் சம்பளச் சீட்டு எதையும் குப்பையில் போடக் கூடாது. நம் கழகம் விடுமுறைக் காலத்தில் தமிழ்ப்பள்ளிகளிலும் கோவில்களிலும் நடத்தும் முகாம்களில் இதற்கென ஒரு மேசை போடலாம் என்பது என் பரிந்துரை.

சென்ற ஆண்டு விடுமுறையில் பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்ததாகத் தற்செயலாகச் சொன்னார். தோட்டம் இன்று செம்பனைக்கு மாறிவிட்டது. பள்ளியும் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. ஆனால், பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் ஓர் இரும்பு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். மங்கிய மையில் பாட்டியின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, தோட்டத்தின் பெயர் அனைத்தும் தமிழில் எழுதப்பட்டிருந்தன. எழுபது ஆண்டுகளாக இல்லாத சான்று, ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கையெழுத்தில் கிடைத்தது.

அதன் உறுதிப்படுத்தப்பட்ட நகலோடு, பிறப்பைத் தாமதமாகப் பதிவதற்கான விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறோம். அது கிடைத்தால் 16ஆவது விதியின்கீழ் அடுத்த விண்ணப்பம். நேர்காணலில் மலாயில் கேட்பார்கள் என்று பாட்டிக்கு இப்போதே பயம். பசாரில் மீன் விலை பேசுகிறவருக்கு மலாய் தெரியாதா என்ன? மாலையில் நான் கேள்வி கேட்க, அவர் மலாயில் பதில் சொல்லிப் பழகுகிறார். "நாமா சாயா..." என்று தொடங்கித் தம் பெயரைச் சொன்னதும், பிறந்த இடம் எது என்ற அடுத்த கேள்விக்கு அவர் தயங்குவதே இல்லை. தோட்டத்தின் பெயரை உரக்கச் சொல்கிறார்.