விரல்நோவும் விசைப்பலகையும்

தோற்றுவாய்

விரல்களை நம்பி வாழும் தொழில்கள் மதுரைக்குப் புதியன அல்ல. சுங்குடிச் சேலைக்காகத் துணியில் ஆயிரக்கணக்கான முடிச்சுகளை இடும் பெண்டிர், மல்லிகையைச் சரமாகத் தொடுப்போர், இலைகளைத் தைப்போர் எனப் பலர் ஒரே அசைவை நாள்முழுதும் திரும்பத் திரும்பச் செய்து பிழைத்து வருகின்றனர். அவ்வரிசையில் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து தட்டச்சு செய்வோரும் சேர்ந்துள்ளனர். முன்னையோரின் உழைப்பைக் கண்ணால் காண்கிறோம். பின்னையோர் நிழலில் நாற்காலியில் அமர்ந்திருத்தலால், அவர்தம் கைகள் படும் பாடு நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இக்கட்டுரையாளரின் எம்.ஃபில். ஆய்வேடு இந்நகரின் சிறியதொரு தட்டச்சகத்தில் உருப்பெற்றது. பக்கத்துக்கு இவ்வளவு எனக் கூலி பேசித் தட்டச்சு செய்து தந்தவர் நடுவயது அம்மையார் ஒருவர். ஆய்வேடு ஒப்படைக்கும் இறுதி வாரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் வலக்கையை உதறிவிட்டுக்கொண்டதைக் கண்டு காரணம் வினவியபோது, "பழகிப் போச்சு தம்பி. புள்ளி வைக்கிற சுண்டுவிரல்தான் மொதல்ல வலிக்கும்" என்றார். அன்று அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை. பின்னாளில் தமிழ் விசைப்பலகைகளின் அமைப்பை ஒப்பிட்டு நோக்கியபோதுதான், அவ்வம்மையார் ஓர் ஆராய்ச்சியின் முடிவையே ஒரு தொடரில் சொல்லிவிட்டார் என்பது புலனாயிற்று. அத்தொடரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோவின் இயல்பு

எழுதும் கை நோகும் என்பதை மருத்துவ உலகம் முன்னரே அறிந்திருந்தது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி, தொழில்வழி வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்டு 1713இல் விரிவாக்கிய நூலில், எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்களைக் குறிப்பிட்டார். இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையில் ஓயாது அசைத்தல், பிழை நேராதிருக்க மனத்தை இறுக்கி வைத்தல் என்பன அவை. இறகுப் பேனாவுக்குச் சொன்ன அம்மூன்றும் இன்றைய கணிப்பொறிக்கும் அப்படியே பொருந்துகின்றன.

விரலை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில் உள்ளன. அவற்றின் ஆற்றலை விரல்நுனிக்குக் கொண்டு செல்பவை தசைநாண்கள் என்னும் கயிறுகள். மணிக்கட்டில் எலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால் போல் அமைய, அதன்மேல் உறுதியான நார்ப்பட்டை ஒன்று மூடியாக அமைந்துள்ளது. இக்குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பு ஒன்றும் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளைத்து வைத்திருந்தால் இவ்வழியில் அழுத்தம் மிகும். நரம்பு நசுங்கினால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் அது மிகும். இதனையே கார்ப்பல் டனல் நோய் என்பர். நரம்பு நசுங்காமலும் தசைநாண்களும் அவற்றின் உறைகளும் தேய்ந்து நோவு தருதல் உண்டு.

எல்லா நோவுக்கும் விசைப்பலகையே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, மூட்டழற்சி, கருவுற்றிருத்தல் ஆகியவையும் இவ்வழுத்தத்தை உண்டாக்கக்கூடும். எனினும் 1980களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகை இயக்குவோரிடையே கைநோவு பெருமளவில் வெளிப்பட்டு, நாடு தழுவிய விவாதமாயிற்று. பழைய தட்டச்சுப்பொறியில் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளவும் தாளை மாற்றவும் கை விலகும். அச்சிறு இடைவெளியே ஓய்வாக அமைந்தது. கணிப்பொறி அவ்வோய்வையும் பறித்துக்கொண்டது.

ஓலையில் விடுபட்ட புள்ளி

இனி அம்மையார் கூறிய புள்ளிக்கு வருவோம். தமிழில் மெய்யெழுத்தின் அடையாளம் புள்ளி என்பது தொல்காப்பியம் முதலாகத் தெரிந்த செய்தி. ஆயினும் ஓலைச்சுவடிகளைப் பார்ப்போர் அவற்றில் புள்ளியைக் காண்பது அரிது. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். எது உயிர்மெய், எது மெய் என்பதைப் படிப்போர் தம் மொழியறிவால் உணர்ந்து படித்தனர். ஏட்டைக் காக்க எழுதுவோன் ஒரு வேலையைக் குறைத்தான். அவ்வேலையைப் படிப்போனின் இலக்கண அறிவு ஏற்றுக்கொண்டது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

தட்டச்சுப்பொறியும் சுண்டுவிரலும்

அச்சும் தட்டச்சும் வந்தபின் புள்ளி மீண்டும் தன் இடத்தைப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்று பணியாற்றிய ஆர். முத்தையா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்த முன்னோடியாவார். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க வேண்டிய பெருஞ்சிக்கலை அவர் எதிர்கொண்டார். அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அமைத்து, புள்ளி முதலிய குறிகளும் எழுத்தும் ஒரே இடத்தில் பதியச் செய்த அவரது அறிவுத்திறன் போற்றற்குரியது. அதற்கு முன் கையெழுத்தே கதியாக இருந்த தமிழ் அலுவலகங்களுக்குள் நுழைய அவர் வழி திறந்தார்.

ஆனால் அக்காலப் பொறியின் தேவைக்கேற்ப அமைந்த விசைவரிசை, பொறி மறைந்து கணிப்பொறி வந்தபின்னும் தொடர்ந்தது. தட்டச்சுப் பயிலகத்தில் முதல் நாளில் இடக்கைக்குக் கற்பிக்கும் 'யளனக' என்னும் வரிசையைப் பயின்றோர் மறக்கமாட்டார்கள். அதே நடுவரிசையில், வலக்கைச் சுண்டுவிரலின் இடத்தில் அமைந்திருப்பது புள்ளி. 'மதுரைக் கல்லூரியில் தமிழ் படிக்கும் மாணவர்கள்' என்னும் ஐந்து சொற்களை எண்ணிப் பாருங்கள். எட்டுப் புள்ளிகள் உள்ளன. ஐந்து சொற்களுக்குள் எட்டுமுறை சுண்டுவிரல் விழ வேண்டும். ஐந்து விரல்களுள் வலிமை குறைந்த ஒன்றின்மேல் மொழியின் மிகுபயன் குறி சுமத்தப்பட்டுள்ளது. அம்மையாரின் சொல் இப்போது விளங்குகிறதன்றோ?

தமிழ்99: இலக்கணம் காட்டிய வழி

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ்நெட்'99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசால் தரப்படுத்தப்பட்டது தமிழ்99 விசைப்பலகை. இதில் 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி ஆக 31 விசைகளே முதன்மையானவை. உயிர்மெய்க்குத் தனி விசையோ கொம்பு, கால் முதலியவற்றுக்குத் தனி விசையோ இல்லை. மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்னும் தொடக்கப்பள்ளிப் பாடமே இதன் அடிப்படை.

உயிரெழுத்துகள் முழுவதும் இடக்கையின் பொறுப்பு. மெய்யெழுத்துகளுள் வ, ங நீங்கலாக எஞ்சிய 16 வலக்கையின் பொறுப்பு. க, ப, ம, த, ந, ய என்பன வலக்கையின் நடுவரிசையிலும், அ, இ, உ, எ என்பன இடக்கையின் நடுவரிசையிலும் அமைந்துள்ளன. இதனால் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. 'மீனாட்சி' என்று அடித்துப் பாருங்கள். ம, ஈ, ன, ஆ, ட, புள்ளி, ச, இ என்னும் எட்டு விசைகளும் வலம், இடம், வலம், இடம் எனச் சிறிதும் பிறழாமல் மாறி வருகின்றன. ஒரு கை இயங்கும்போது மறு கை அடுத்த விசைக்கு அணியமாகிறது. கையின் நோவைக் குறைக்க வல்லுநர் வேண்டும் பண்பு இதுவேயாகும்.

புள்ளியோ சுண்டுவிரலிலிருந்து விடுபட்டு, இடக்கைச் சுட்டுவிரலின் இருப்பிடத்துக்கே வந்துவிட்டது. அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழுகிறது. பள்ளி, அம்மா, வெற்றி என்பவற்றுக்குப் புள்ளி விசையைத் தொடவே வேண்டியதில்லை. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. சங்கு, மஞ்சு, வண்டு, பந்து, கம்பு, கன்று ஆகிய ஆறு சொற்களிலும் புள்ளியை இடுவது பொறியேயன்றி விரலன்று. தானாகப் புள்ளி வேண்டாத 'சசி' போன்ற சொற்களுக்கு இடையில் அகரத்தை அடித்தால் போதும்.

ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இவ்வினவெழுத்து உறவை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். மாணவர் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அதே உறவு இங்கே ஒரு தொழிலாளியின் விரலைக் காக்கும் மருந்தாகியிருக்கிறது. அன்று ஓலை கிழியாதிருக்க எழுதுவோன் விட்ட புள்ளியைப் படிப்போனின் இலக்கண அறிவு நிரப்பியது. இன்று விரல் தேயாதிருக்க விட்ட புள்ளியைப் பொறிக்குள் வைத்த இலக்கண அறிவு நிரப்புகிறது. இலக்கணம் எதற்கு என்று கேட்போர்க்கு இதனினும் எளிய விடை வேறில்லை.

எவ்வமைப்பும் குறையற்றதன்று. 'வைகை' என்று அடிக்கும்போது வகரமும் ஐகாரமும் இடக்கையின் ஒரே சுட்டுவிரலுக்கு உரியனவாகி, அவ்விரல் கீழிருந்து மேலே தாவ வேண்டியுள்ளது. எனினும் தொகுத்து நோக்கின் நன்மையே மிகுதி. ஆங்கில எழுத்துகளின் வழியே தமிழை அடிப்போர் 'மதுரை' என்பதற்கு எட்டு விசைகளை அழுத்துகின்றனர், தமிழ்99இல் ஐந்தே.

நல்லதெனினும் இது ஏன் முழுமையாகப் பரவவில்லை? ஆங்கிலத்துக்கும் இதே நிலைதான். அமெரிக்காவில் ஆகஸ்ட் துவோராக் என்பார், உயிரெழுத்துகளை இடக்கை நடுவரிசையில் வைத்து அமைத்த விசைப்பலகைக்கு 1936இல் காப்புரிமை பெற்றார். அது அத்துணை விரைவானதா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. பழகிய கையை மாற்ற மக்கள் விரும்பாமையால் பழைய வரிசையே நிலைத்தது. வயது முதிர்ந்த தட்டச்சாளரை மாறச் சொல்லுதல் அறமன்று. இன்னும் தொடங்காத மாணவரிடம் சொல்லுதலே அறம்.

பலகையின் வடிவம்

எழுத்து வரிசை ஒருபுறமிருக்க, பலகையின் உருவமும் கருதத்தக்கது. நேரான பலகையில் இரு கைகளையும் நெருக்கி வைக்கும்போது மணிக்கட்டு வெளிநோக்கி வளைகிறது. ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பார் 1926ஆம் ஆண்டிலேயே பலகையை இரண்டாகப் பிளந்து சாய்த்து வைக்கலாம் எனக் காட்டினார். அத்தகைய பலகை 1994இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வழியே பரவலாக அறிமுகமாயிற்று. அது மணிக்கட்டின் வளைவைக் குறைக்கிறது. ஆயின் விலை மிகுந்த பலகை வாங்க இயலாதோர்க்கும் வழியுண்டு. பலகையின் பின்கால்களை மடக்கிவிட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைவது குறையும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்குமாறு நாற்காலியை உயர்த்துதல், விசையை ஓங்கிக் குத்தாமல் மெல்லத் தொடுதல் ஆகியவற்றுக்குச் செலவில்லை.

கைப்பேசியில் பெருவிரல் ஒன்றாலேயே எழுதும் இளையோர்க்கும் இது பொருந்தும். பெருவிரலின் அடியில் மணிக்கட்டோரம் எழும் நோவை 1895இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் தெ கெர்வேன் விளக்கினார். நீண்ட கட்டுரைகளைக் கைப்பேசியில் எழுதும் மாணவர் அதனைக் கவனிக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

தமிழ் பயிலும் மாணவர் முதலாண்டிலேயே தமிழ்99ஐக் கற்றல் வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் கைவந்துவிடும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பகுதிகளிலிருந்து வந்து பயிலும் பிள்ளைகள் பலர்க்குத் தட்டச்சு நாளைய பிழைப்பாகக்கூடும்; அவர்கள் பழகும் முதல் வரிசையே கையைக் காக்கும் வரிசையாக இருக்கட்டும்.

ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. ஆய்வேட்டை இறுதி வாரம் வரை வைத்திருந்து, முந்நூறு பக்கங்களை ஒருசேரத் தட்டச்சகத்தில் கொட்டுகிறோம். பக்கக் கூலிக்கு உழைப்பவர் ஓய்வெடுத்தால் வருவாய் குறையும், ஆதலின் ஓய்வெடார். இயல் இயலாகக் கொடுத்தால் அவர் கை பிழைக்கும். எந்த விசைப்பலகையும் ஓய்வுக்கு ஈடாகாது. மரத்துப்போதல் தொடர்ந்தால் தைலம் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுகச் சொல்வதும் நம் பொறுப்பே.

நிறைவுரை

நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய நெறி. ஐவேளைத் தொழுகை உலக வேலைகளினின்று நம்மை விலக்கி எழச் செய்வது போல், அரைமணிக்கு ஒருமுறை கையை விசைப்பலகையினின்று விலக்குதலும் அவ்வுரிமையை மதிப்பதேயாகும். உழைப்பவரின் உடலுக்கும் அதே உரிமை உண்டு.

எம்.ஃபில். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், நூலகர், நண்பர் எனப் பலரைக் குறித்தோம். 'அழகுறத் தட்டச்சு செய்தவர்க்கும்' என்று கடைசி வரியில் ஓரிடம் தந்து முடித்தோம். சுண்டுவிரல் நோவோடு நம் புள்ளிகளையெல்லாம் இட்டுத் தந்த கை அது. அடுத்த தலைமுறையின் விரல்களுக்கேனும் அந்நோவு வாராதிருக்க நாம் கற்ற இலக்கணம் பயன்படுமாயின், அதுவே அவர்க்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும். வல்ல இறைவன் துணைபுரிவானாக!