போடப்படாத தெருவுக்கு வழியுரிமை உண்டா?

ஒரு நகரின் தெருக்கள் எந்த அளவுக்கு இணைந்துள்ளன என்பதை அறிய, சந்திப்புகளில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன, எத்தனை முட்டுச்சந்தாக முடிகின்றன என்று எண்ணிப் பார்க்கின்றனர். அண்ணா நகரில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த குறுக்குத் தெரு உண்டு. பின்னாளில் தெற்கே பரவிய சென்னையோ பழைய மாமல்லபுரம் சாலையில் தொங்குகிறது. அதன் இருபுறமும் மதில் சூழ்ந்த குடியிருப்புகள். அவற்றின் உட்சாலைகளில் பிறருக்கு அனுமதி இல்லை.

நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் குடியேற்றப்பட்டவர்களில் மிகப் பலர் தலித்துகள். வேலைக்கும் மருத்துவமனைக்கும் அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது அதே சாலையைத்தான். ஊருக்கு வெளியே சேரி, அதற்கு ஒரே பாதை என்னும் அமைப்பு கிராமத்தோடு முடிந்துவிடுவதாக நாம் எண்ணியிருந்தோம்!

பொது இடத்துக்குச் செல்லும் வழக்கமான வழியுரிமையைப் பட்டியல் சாதியினருக்கு மறுப்பது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வழக்கத்தில் இருந்த வழிக்கே அந்தப் பாதுகாப்பு. வரைபடத்தில் இடம்பெறாத தெருவுக்கு வழக்கம் ஏது? ஆகவே நாம் கையில் எடுக்கவேண்டியது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். திட்ட வரைவு வெளியிடப்பட்டு ஆட்சேபங்கள் கோரப்படும்போது, எந்த முட்டுச்சந்து எந்தச் சாலையோடு இணைய வேண்டும் என்பதை வரைபடத்தில் குறித்தே நம் மனு செல்லவேண்டும்.