தோட்டத்தின் கணக்கும் கிணற்றின் கணக்கும்

ஓர் ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். மடை திருப்பிப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சும் தோட்டத்தில், இதில் சுமார் 60 சதவீதம்தான் வேருக்குக் கிடைக்கிறது என்பது பாசனப் பொறியாளர்களின் பொதுவான கணக்கு. தெளிப்புநீரில் 75. சொட்டுநீரில் 90.

இவை தவறான எண்கள் அல்ல. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழையை நம்பியிருக்கும் பல்லடம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. மரத்துக்கு மரம் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிற இந்த ஊர்களில், போர் மட்டும் ஏன் ஆயிரம் அடியைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறது?

முதலில், பாத்தியில் தவறிய 40 சதவீதம் எங்கே போகிறது என்று பார்ப்போம். கொஞ்சம் மண் வாய்க்கால் குடித்துவிடும். கொஞ்சம் ஈர மண்ணிலிருந்து வெயிலில் ஆவியாகும். கடைமடையில் கொஞ்சம் வழியும். மீதி, வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். தெளிப்பானுக்கு எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் நடுப்பகலில் மழைத்தூவானை ஓட்டினால், திவலையில் ஒரு பங்கு பயிரில் விழாது. அந்தி சாய்ந்தபின் ஓட்டுவது நல்லது. ஆனால் அந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் இருக்க வேண்டும்.

சொட்டுநீர் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைக் கடந்துவிடுகிறது. சிம்கா பிளாஸ் என்ற பொறியாளரின் யோசனையை வைத்து இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் கூட்டுப்பண்ணை ஒன்று 1965-ல் தொடங்கிய தொழில் இது. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் நான்கை ஒரு தென்னையைச் சுற்றி வைத்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் மரத்துக்கு 80 லிட்டர். நனைவது வேர் இருக்கும் இடம் மட்டும். களை குறையும், உரத்தையும் அதே குழாயில் விடலாம். ஆனால் உப்புத் தண்ணீர் ஊர்களில் சுண்ணாம்பு படிந்து சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழுவாமல், குழாயில் அமிலம் விடாமல் இரண்டு மூன்று வருடம் ஓட்டினால், கடைசி மரங்கள் காய்ந்து நிற்கும். 90 என்பது பராமரித்த குழாய்க்கு மட்டுமே உரிய எண்.

இதுவரை பார்த்தது தோட்டத்தின் கணக்கு. கிணற்றின் கணக்கு வேறு. வேரைத் தாண்டி இறங்கிய தண்ணீரைத் தோட்டத்தின் கணக்கு நட்டம் என்று எழுதுகிறது. திறந்த கிணறுகளில் ஊற்று இருந்த காலத்தில் அதே தண்ணீரில் ஒரு பங்கு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் சுரந்தது. பயிர் உறிஞ்சி இலை வழியே ஆவியாக்குவதும், மண்ணிலிருந்து ஆவியாவதும்தான் ஊரை விட்டே போகும் தண்ணீர். சொட்டுநீர் வந்ததும் செடி செழிக்கிறது, மகசூல் கூடுகிறது, இலை ஆவியாக்கும் நீரும் கூடுகிறது. அதோடு, மிச்சமான தண்ணீரை நம்பி இன்னொரு ஏக்கரில் கன்று நடுகிறோம். கடனைச் சுமக்கும் ஒரு குடும்பம் அப்படிச் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. நிலத்தடியிலோ எதுவும் மிஞ்சுவதில்லை.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலும் இதுவே நடந்தது. ஒகல்லாலா நிலத்தடி நீரைக் காப்பதற்காக, பயிருக்கு அருகே தாழ இறங்கித் தெளிக்கும் கருவிகளுக்கு அரசு மானியம் கொடுத்தது. லிசா பைஃபர், சிந்தியா லின் என்ற இரு பொருளியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, கருவி மாறியபின் நீர் எடுப்பு குறையவில்லை, கூடியது என்று காட்டியது. கூடுதல் தண்ணீர் கேட்கும் பயிருக்கு உழவர்கள் மாறியிருந்தார்கள்.

அப்படியானால் சொட்டுநீர் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆயிரம் அடியிலிருந்து ஆயிரம் லிட்டரைத் தூக்க, பாதித் திறனில் ஓடும் மோட்டாருக்கு ஏறத்தாழ 1.7 யூனிட் மின்சாரம் ஆகிறது. மேலே கொட்டிய தண்ணீர் கொங்கு நாட்டுக் கடும்பாறையின் வெடிப்புகளைத் தேடி அவ்வளவு ஆழம் இறங்குவது அரிது. இறங்கினாலும் மறுபடி தூக்க மறுபடி செலவு. 1990 முதல் தமிழகத்தில் உழவு மின்சாரம் இலவசம் என்பதால் இந்தச் செலவு கையைச் சுடுவதில்லை. போரை ஆழப்படுத்தும்போதுதான் சுடுகிறது. என் மனக்குறை குழாய்மீது அல்ல. குழாய்க்கு மானியம் தரும் நாம், எடுக்கும் தண்ணீரை அளக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லையே என்பதுதான்.

அளந்து பார்த்த ஊர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 2000-களில் ஆந்திரத்தின் வறண்ட 7 மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு நடந்த திட்டத்தில் உழவர்களே மழைமானி வைத்தார்கள். போரில் அளவுநாடா இறக்கி நீர்மட்டம் குறித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, நிலத்தடியில் எவ்வளவு இருக்கிறது, நினைத்திருக்கும் பயிர்கள் எவ்வளவு கேட்கும் என்று கூட்டிக் கழித்தார்கள். யாரும் யாருக்கும் தடை போடவில்லை. பற்றாக்குறை எல்லார் கண்ணெதிரிலும் எழுதியிருந்தது. பல ஊர்களில் அந்தப் பருவத்துக்கு நெல் பரப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.