குருதியில் எழுதப்பட்ட வரலாறும் ஒரு வைத்திய விஞ்ஞானியின் பணியும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் ஒரு திருமணப் பேச்சு ஆரம்பமாகும்போது குடும்பம், தொழில், காணி, சீதனம், சாதகம் என விசாரிக்கப்படாத விடயம் ஏதுமில்லை. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் இதில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால், பிறக்கப்போகும் பிள்ளையின் வாழ்வையே தீர்மானிக்கவல்ல ஒரு கேள்வியை மட்டும் இரு வீட்டாரும் கேட்பதில்லை. மணமக்களின் குருதியில் தலசீமியா எனும் பரம்பரைக் குறைபாடு மறைந்திருக்கின்றதா என்பதே அக்கேள்வியாகும். அதனை நாம் ஏன் கேட்டாக வேண்டும் என்பதை விளங்கிக்கொள்வதற்கு, 2018 டிசம்பரில் தமது 85ஆவது வயதில் காலமான பிரித்தானிய வைத்திய விஞ்ஞானி சேர் டேவிட் வெதரோலின் வாழ்க்கையைச் சற்று நோக்குவது பயனுள்ளதாகும்.

எமது குருதிக்குச் செந்நிறத்தை அளிப்பதும், உடலெங்கும் ஒட்சிசனைக் காவிச்செல்வதும் ஈமோகுளோபின் எனும் புரதமாகும். வளர்ந்தவர்களில் இது பெரும்பாலும் அல்பா, பீற்றா எனும் இருவகைச் சங்கிலிகள் சம அளவில் இணைவதால் உருவாகின்றது. இவற்றுள் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகு பழுதடைந்திருப்பின் மற்றையது மிகையாகத் தேங்கிச் செங்குழியங்களை அழிக்கின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதடைந்த பீற்றா பரம்பரையலகைப் பெறும் குழந்தை பிறக்கும்போது ஆரோக்கியமாகவே தோன்றும். சில மாதங்களின் பின்னரே அது வெளிறிப்போய், மண்ணீரல் வீங்கி, வளர்ச்சி குன்றத் தொடங்கும். கடலையும் குருதியையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்தே இந்நோய்க்கு இப்பெயர் வந்தது. மத்தியதரைக் கடலோர மக்களிடையே இது முதலில் இனங்காணப்பட்டமையே அதற்குக் காரணம்.

1933இல் லிவர்பூலில் பிறந்த வெதரோல், 1956இல் அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே வைத்தியப் பட்டம் பெற்றவர். கட்டாய இராணுவ சேவையின் நிமித்தம் 1950களின் இறுதியில் அவர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்கு இராணுவ வைத்தியசாலையின் சிறுவர் பிரிவில், நேபாளத்தைச் சேர்ந்த கூர்க்கா வீரர் ஒருவரின் பெண் குழந்தை கடும் குருதிச்சோகையினால் அவதியுறுவதைக் கண்டார். காரணம் எவருக்கும் தெரியவில்லை. கையில் கிடைத்த வடிதாளையும் மோட்டார் வாகன மின்கலங்களையும் கொண்டு ஈமோகுளோபினைப் பகுத்தாராய்ந்து, அது தலசீமியா என்பதை அவர் கண்டறிந்தார். நேபாளத்தவரிடையே அந்நோய் இருக்கக்கூடுமென எவரும் எண்ணியிராத காலம் அது. 1960இல் அதனை மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டபோது, அனுமதியின்றிப் படையினரின் சுகாதாரத் தகவலை அம்பலப்படுத்தியதாக மேலதிகாரிகளின் கண்டனத்துக்கு ஆளானார். எனினும் அக்குழந்தையின் நோயே அவரது வாழ்நாள் பணியைத் தீர்மானித்தது.

பின்னர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு மேற்கொண்டார். ஜோன் கிளெக் முதலான சகாக்களுடன் இணைந்து, அல்பா, பீற்றா சங்கிலிகள் எந்த அளவில் உற்பத்தியாகின்றன என்பதை அளவிடும் முறையை 1965இல் வெளியிட்டார். தலசீமியாவின் அடிப்படை இவ்விரண்டுக்குமிடையிலான சமநிலைக் குலைவே என்பது அதன் மூலம் தெளிவாயிற்று. 1974இல் அவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சிசுவைக் கருவறையிலேயே பலிகொள்ளும் கடும் அல்பா தலசீமியாவில் அதற்குரிய பரம்பரையலகே இல்லாதிருக்கின்றது என்பது நிறுவப்பட்டதும் அதே ஆண்டிலாகும். அதில் அவரது குழுவினருக்கும் பங்குண்டு. 1989இல் மூலக்கூற்று மருத்துவத்துக்கென அவர் ஒக்ஸ்போர்டில் தாபித்த நிறுவகம் இன்று அவரது பெயரையே தாங்கி நிற்கின்றது. நோயாளியின் படுக்கையருகில் எழும் கேள்வியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, அங்கு பெற்ற விடையுடன் மீண்டும் நோயாளியிடம் திரும்புவதே அவர் கைக்கொண்ட வழியாக இருந்தது. மருத்துவ ஆய்வுக்கான உயர் விருதுகளுள் ஒன்றான லஸ்கர் விருது 2010இல் அவருக்கு வழங்கப்பட்டது.

இவை அனைத்தும் எங்கோ நடந்தவை எனக் கருதுவோர் எமது மாகாணத்தின் கடந்த காலத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1934-35 காலப்பகுதியில் இலங்கையை உலுக்கிய மலேரியா கொள்ளைநோய் 80,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப்படுகைகளில் எஞ்சிய குட்டைகளில் நுளம்புகள் பெருகின. தெதுறு ஓயா, மாஓயா ஆகிய ஆறுகளின் வடிநிலங்களே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. குருநாகல் பிரதேசத்தினூடாகப் பாய்ந்து சிலாபத்துக்கு அருகே கடலில் கலக்கும் தெதுறு ஓயா எமது மாவட்டத்துக்கு அந்நியமானதன்று.

மலேரியாவுக்கும் தலசீமியாவுக்கும் என்ன தொடர்பு? தலசீமியா பரம்பரையலகு ஒன்றை மட்டும் கொண்டிருப்பவர்கள் மலேரியாவினால் மாண்டுபோகாது தப்பிப்பிழைத்திருக்கலாம் என்ற கருத்தை 1949இல் முன்வைத்தவர், பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறிய விஞ்ஞானி ஹோல்டேன் ஆவார். தென் பசிபிக் தீவுகளில் மலேரியா மிகுந்த இடங்களில் அல்பா தலசீமியாவும் மிகுந்திருப்பதை 1986இல் வெதரோலின் குழுவினர் எடுத்துக்காட்டினர். நூற்றாண்டுகளாக மலேரியாவுடன் போராடிய மக்களின் குருதியில் எஞ்சிய கவசமே இப்பரம்பரையலகு எனலாம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனத்தினால் பிரகடனப்படுத்தப்பட்டது. எதிரி போய்விட்டது. ஆயினும் கவசம் எம்மிடமே தங்கிவிட்டது. அதுவே இன்று சில குழந்தைகளுக்குச் சுமையாகியுள்ளது.

வெதரோலும் அவரது சகாக்களும் குருநாகலுக்கு வந்ததன் பின்னணியும் இதுவேயாகும். புத்தளத்தை உள்ளடக்கிய வடமேல் மாகாணத்தின் தலைநகரிலேயே நாட்டின் தேசிய தலசீமியா நிலையம் அமைந்துள்ளது. சாந்திமாலா டி சில்வா, அனுஜ பிரேமவர்தன ஆகிய இலங்கை வைத்தியர்களும், கனடாவின் நன்சி ஒலிவியேரியும் வெதரோலும் பிறரும் இணைந்து மேற்கொண்ட ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. நாட்டில் 23 வகையான பீற்றா பரம்பரையலகு மாற்றங்கள் இருப்பதையும், எதிர்காலத்தில் எந்நேரத்திலும் 2,000க்கும் மேற்பட்ட நோயாளர்கள் சிகிச்சையை வேண்டிநிற்பர் என்பதையும் அது எடுத்துரைத்தது. அவர்களுள் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஈமோகுளோபின் ஈ எனும் மாற்றத்துடன் கூடிய வகையினராக இருப்பர் எனவும் கணிக்கப்பட்டது. இவ்வகை நோயாளர்களை ஆண்டுக்கணக்கில் அவதானித்ததன் பயனாக, அவர்களுள் பலருக்குத் தொடர்ச்சியான குருதியேற்றம் அவசியமில்லை என்ற உண்மையும் வெளிப்பட்டது. வறிய நாடொன்றின் குருதி வங்கிக்கும், ஒரு தாயின் பயணச் செலவுக்கும் இதன் பெறுமதி எத்தகையது எனக் கூற வேண்டியதில்லை.

கடும் நோயாளர்களின் நிலையோ வேறு. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவர்களுக்குக் குருதி ஏற்றப்பட வேண்டும். ஏற்றப்படும் குருதியிலுள்ள இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படிந்து உயிருக்கு உலை வைக்கும். அதனை அகற்றுவதற்கு வாரத்தில் ஐந்து இரவுகளாயினும் தோலின் கீழ் ஊசி மூலம் மணிக்கணக்கில் மருந்து செலுத்த வேண்டும் அல்லது நாளாந்தம் மாத்திரை உட்கொள்ள வேண்டும். பரம்பரையலகையே திருத்தும் சிகிச்சை 2023 நவம்பரில் பிரித்தானியாவில் அங்கீகரிக்கப்பட்டது. அமெரிக்காவில் அதற்குக் குறிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். எமது மீனவக் குடும்பங்களோ உப்பளத் தொழிலாளர்களோ கனவிலும் எட்ட முடியாத தொகை இது. இதே நோய் வராமல் தடுப்பதற்குத் தேவைப்படுவது ஒரு குருதிப் பரிசோதனை மாத்திரமே.

ஒரு பழுதடைந்த பரம்பரையலகை மட்டும் கொண்டிருப்பவர் காவி எனப்படுவார். அவர் நோயாளி அல்லர். கல்வி கற்கவும், கடலுக்குச் செல்லவும், பிள்ளை பெறவும் அவருக்கு எத்தடையுமில்லை. காவி அல்லாத ஒருவரை அவர் மணந்தால் கடும் பீற்றா தலசீமியா உடைய குழந்தை பிறக்காது. காவிகள் இருவர் மணம் புரியும்போதே, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டாகின்றது. மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி வராது என ஆறுதலடைவதும் தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நான்கிலொன்றுதான்.

மாமன் மகளையும் மாமி மகனையும் மணமுடிக்கும் வழக்கம் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரிடமும் உண்டு. உறவுத் திருமணம் நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் பாட்டி ஒருவர் காவியாக இருந்திருப்பின் அவரது பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் காவியாக இருப்பதற்கு நான்கிலொரு வாய்ப்புள்ளது. அவர்களுள் இருவர் மணமுடிக்கும்போது ஆபத்து அதிகரிக்கின்றது. தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்துவரும் கரையோர ஊர்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்தில் வாழ்வைக் கட்டியெழுப்பிய முஸ்லிம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. அந்நியத்தில் மணமுடித்தால் போதும் என்பதும் முழுமையான பாதுகாப்பாகாது. எமது நாட்டில் அதிகமாகக் காணப்படும் பரம்பரையலகு மாற்றங்களுள் ஒன்று இந்தியாவிலும் பரவலாக உள்ளது. இந்நோய்க்கு இனமோ மதமோ தெரியாது.

கருவிலேயே நோயைக் கண்டறிந்து கர்ப்பத்தைக் கலைப்பது சில நாடுகளின் வழியாகும். இலங்கையிலோ தாயின் உயிரைக் காக்கும் நோக்கமன்றி அதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. இரு சமூகத்தாரின் சமய உணர்வும் அதனை எளிதில் ஏற்காது. எனவே திருமணத்துக்கு முன்னரான பரிசோதனையே எமக்குள்ள நேரிய வழி. ஈரானில் 1997 முதலும், சவூதி அரேபியாவில் 2004 முதலும் மணமக்கள் இதற்கு உட்படுத்தப்படுகின்றனர். சைப்பிரஸில் திருமணத்துக்கு முன்னர் பரிசோதனைச் சான்றிதழை 1983 முதல் கிறிஸ்தவத் திருச்சபையே கேட்கலாயிற்று. கருவிலறியும் பரிசோதனையும் துணைநின்றதால் அங்கு தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாகினர்.

காவி எனத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் கிடைக்காது என்ற பெற்றோரின் அச்சம் நியாயமற்றதெனத் தள்ளிவிடக்கூடியதன்று. நிச்சயதார்த்தம் முடிந்த பின்னர் பரிசோதிப்பதே அந்த அவமானத்துக்கு வழிவகுக்கின்றது. பாடசாலைக் கல்வி முடியும் பருவத்திலேயே ஆண், பெண் இருபாலாரும் பரிசோதிக்கப்பட வேண்டும். பெறுபேறு உரியவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். இரு காவிகள் ஒருவரையொருவர் விரும்பினால் முடிவு அவர்களுடையதே. அறிந்து முடிவெடுப்பதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு என்பதே எமது நிலைப்பாடு.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள பள்ளிவாசல் நிர்வாகங்களும், ஆலய பரிபாலன சபைகளும், பங்குத்தந்தையரும், அதிபர்களும் மனம் வைத்தால் இதனை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிடலாம். ஜும்ஆப் பிரசங்கத்தில் ஒரு பத்து நிமிடம், திருவிழா மேடையில் ஒரு அறிவித்தல், உயர்தர வகுப்பில் ஒரு பாடவேளை போதுமானது. ஒரு கூர்க்காக் குழந்தையின் வெளிறிய முகத்தில் தொடங்கிய தேடல் அரை நூற்றாண்டுக்குள் எமது மாகாணத்தின் வாசலுக்கே வந்துசேர்ந்தது. விஞ்ஞானம் செய்ய வேண்டியதைப் பெருமளவு செய்துவிட்டது. சாதகம் கேட்கும் வீடுகளிலும், நிக்காஹ் நாள் குறிக்கும் வீடுகளிலும் குருதிப் பரிசோதனையையும் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்துவது எமது பொறுப்பாகும்.